கரண்டி யார் கையில்?

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் சாமி கும்பிடத் தடை என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அங்கேயும் நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். 1962இல் உச்ச நீதிமன்றம் கடவுளைப் பள்ளிக்கூடத்திலிருந்து விரட்டிவிட்டது என்று தேர்தல் மேடைகளில் இன்றும் முழங்குகிறார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. கணக்குப் பரீட்சைக்கு முன்னால் கண்ணை மூடி வேண்டிக்கொள்ளும் பிள்ளையை எந்தத் தீர்ப்பும் தொடவில்லை. மதியச் சாப்பாட்டு மேசையில் நாலு பேர் கைகோத்து ஜெபம் செய்யலாம். இடைவேளையில் ஒரு முஸ்லிம் மாணவி தொழலாம். நெற்றியில் விபூதியோடு வகுப்பில் உட்காரலாம்.

பிறகு எதைத்தான் தடுத்தார்கள்?

இது புரிய வேண்டுமானால் ஒரு பள்ளிச் சமையற்கூடத்துக்குள் போய் நிற்க வேண்டும். நம்மூர் சத்துணவுக்கூடத்தையே நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பில் பெரிய அண்டா. அதில் வேகிற அரிசி ஊர்ப்பணத்தில் வந்தது. கரண்டி பிடித்திருப்பவர் அரசு சம்பளக்காரர். எதிரே வரிசையாகப் பந்தியில் பிள்ளைகள். அவர்களில் சிலர் வீட்டிலிருந்து டப்பா கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அண்டா, கரண்டி, பந்தி, டப்பா. பள்ளிப் பிரார்த்தனை பற்றி அமெரிக்காவில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் வழக்குகள் எல்லாமே இந்த நாலுக்குள் அடங்கிவிடும்.

அரசமைப்புச் சட்டத்தில் 1791இல் சேர்ந்த முதல் திருத்தம் மதம் பற்றி இரண்டு கட்டளை இடுகிறது. அரசு எந்த மதத்தையும் நிறுவக்கூடாது என்பது ஒன்று. மக்கள் தங்கள் மதத்தைக் கடைப்பிடிப்பதை அரசு தடுக்கக்கூடாது என்பது இன்னொன்று. சமையற்கூடத்துக்குச் சொல்வதானால், எந்த மதத்தின் குழம்பையும் அண்டாவில் காய்ச்சாதே, எந்தப் பிள்ளையின் டப்பாவையும் பிடுங்காதே. இரண்டும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டவை. ஆனால் மேடைப் பேச்சாளர்கள் ஆளுக்கு ஒன்றைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்தக் கட்டளைகள் தொடக்கத்தில் மத்திய அரசை மட்டுமே கட்டின. மாநிலங்கள் தம் இஷ்டப்படி நடக்கலாம். மாசச்சூசெட்ஸ் 1833 வரை ஒரு திருச்சபைக்கு அரசு ஆதரவு தந்துகொண்டிருந்தது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1868இல் 14ஆம் திருத்தம் வந்தது. அதன் வழியாக இந்த இரண்டு கட்டளைகளும் மாநிலங்களுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1940களாயின. ஊர்ப் பள்ளிக்கூடம் மாநிலத்தின் பொறுப்பு என்பதால், அதுவரை அண்டாவுக்குள் மத்திய நீதிமன்றம் எட்டிப் பார்க்கவே வழியில்லை.

அதுவரை அந்த அண்டாவில் என்ன வெந்தது? பெரும்பாலும் புராட்டஸ்டண்ட் சமையல். 19ஆம் நூற்றாண்டில் எழுந்த அரசுப் பள்ளிகளில் கிங் ஜேம்ஸ் பைபிள்தான் வாசித்தார்கள். அது எல்லோருக்கும் பொதுவானது, எந்தச் சபைக்கும் சார்பில்லாதது என்று மனதார நம்பினார்கள். அயர்லாந்திலிருந்து வந்திறங்கிய கத்தோலிக்கர்களுக்கு அது அந்நியப் பதிவு. எங்கள் பிள்ளைகள் எங்கள் பைபிளை வாசிக்கட்டும் என்று பிலடெல்பியாவில் அவர்கள் கேட்ட தகராறும் சேர்ந்து, 1844இல் கலவரமாக வெடித்தது. செயின்ட் மைக்கேல், செயின்ட் அகஸ்டின் என்ற இரண்டு கத்தோலிக்கத் தேவாலயங்கள் எரிந்தன. பல உயிர்கள் போயின. பள்ளியில் ஜெபம் இருந்த காலம் ஒற்றுமையின் பொற்காலம் என்று ஏங்குகிறவர்கள் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

உப்பில்லாத கஞ்சி

1951இல் நியூயார்க் மாநிலக் கல்வியை நிர்வகிக்கும் ரீஜெண்ட்ஸ் வாரியம் ஒரு ஜெபத்தைத் தானே எழுதியது. ஆங்கிலத்தில் 22 வார்த்தை. எல்லாம் வல்ல கடவுளை நம்பியிருக்கிறோம் என்று ஒப்புக்கொண்டு, எங்களையும் பெற்றோரையும் ஆசிரியர்களையும் நாட்டையும் ஆசீர்வதிக்கக் கேட்கும் ஜெபம். இயேசு பெயர் இல்லை, மோசே பெயர் இல்லை. யாருக்கும் தொண்டையில் சிக்கக்கூடாது என்று பார்த்துப் பார்த்து, உப்பு, காரம், புளி எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் காய்ச்சிய கஞ்சி. மாநிலம் இதைக் கட்டாயப்படுத்தவில்லை, பரிந்துரைத்தது. லாங் ஐலண்டில் நியூ ஹைட் பார்க் பகுதிப் பள்ளி நிர்வாகம் 1958இல் அதை ஏற்று, தினமும் காலையில் வகுப்பில் சொல்லவைத்தது. வேண்டாத பிள்ளை வாய்மூடி நிற்கலாம், வெளியேயும் போகலாம்.

பத்துப் பிள்ளைகளின் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். எங்கல் எதிர் விட்டாலே என்று பெயர் பெற்ற வழக்கு அது. 1962 ஜூன் 25 அன்று, ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி ஹியூகோ பிளாக். அலபாமாக்காரர், ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் பைபிள் வகுப்பு எடுத்தவர். கஞ்சி காரமா சப்பையா என்பதற்குள் அவர் போகவில்லை. குடிமக்கள் ஓதுவதற்கென்று ஜெபம் எழுதிக் கொடுப்பது அரசாங்கத்தின் வேலையே இல்லை என்றார். இங்கிலாந்தில் அரசு அங்கீகரித்த ஜெபப் புத்தகத்தைப் பார்த்துச் சலித்துக் கப்பலேறியவர்களின் வாரிசுகள் நாம் என்று வரலாறும் சொன்னார். மாற்றுத் தீர்ப்பு எழுதிய ஒரே நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட். விரும்புகிற பிள்ளைகள் ஜெபம் சொல்ல இடம்தருவது மதத்தை நிறுவுவதாகுமா என்பது அவர் கேள்வி. மோசமான கேள்வி இல்லை. பின்னால் வந்த வழக்குகள் எல்லாம் இதைத்தான் திரும்பத் திரும்ப மென்றுகொண்டிருக்கின்றன.

நாடே கொதித்தது. மனுதாரர்களுக்கு மிரட்டல் கடிதங்களும் தொலைபேசி வசவுகளும் வந்து குவிந்தன. கத்தோலிக்கரான ஜனாதிபதி கென்னடியிடம் பத்திரிகையாளர்கள் கேட்டார்கள். தீர்ப்பை மதிப்போம், சுலபமான மாற்று வழி இருக்கிறது, வீட்டில் இன்னும் அதிகமாக ஜெபிப்போம் என்ற பொருளில் பதில் சொல்லிவிட்டு நகர்ந்தார். டப்பாவை வீட்டில் நன்றாகக் கட்டிக் கொடுங்கள் என்பதுதான் அதன் சாரம்.

அடுத்த வருடமே இன்னொரு வழக்கு. பென்சில்வேனியாவில், தினமும் பைபிளிலிருந்து குறைந்தது பத்து வசனம், விளக்கவுரை இல்லாமல் வாசிக்க வேண்டும் என்று மாநிலச் சட்டமே இருந்தது. அபிங்டன் உயர்நிலைப் பள்ளியில் மாணவர்கள் ஒலிபரப்பு அறையிலிருந்து வாசிப்பார்கள், எல்லா வகுப்பறையிலும் கேட்கும். பிறகு எல்லோரும் எழுந்து கர்த்தருடைய ஜெபம் சொல்ல வேண்டும். 1956இல் ஒரு நாள் எலரி ஷெம்ப் என்ற 16 வயது மாணவர் கையில் குர்ஆனோடு வந்தார். வகுப்பு பைபிள் கேட்டுக்கொண்டிருக்க, அவர் மௌனமாகக் குர்ஆனைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஜெபத்துக்கு எழவும் இல்லை. அவர் முஸ்லிம் அல்ல, யூனிடேரியன் என்ற மதப்பிரிவுக் குடும்பம். பள்ளி நிர்வாகத்தின் முன் கொண்டுபோய் நிறுத்தினார்கள். இந்தச் சிறு கலகத்துக்குத் தீர்ப்பு வர ஏழு வருடம் ஆயிற்று. அதற்குள் பையன் பள்ளியை முடித்துப் போய்விட்டதால் தம்பி, தங்கை பெயரில் வழக்கு நடந்தது.

பள்ளி சொன்ன சமாதானம் சுவாரசியமானது. நாங்கள் எதையும் எழுதவில்லை, இருக்கிற நூலிலிருந்து அப்படியே வாசிக்கிறோம். அதாவது, நாங்கள் சமைக்கவில்லை, வெளியில் வாங்கியதைப் பரிமாறுகிறோம். 1963இல் எட்டுக்கு ஒன்று என்று வந்த தீர்ப்பு இதை ஏற்கவில்லை. பண்டம் எங்கே வெந்தால் என்ன, கரண்டி பள்ளியுடையது. ஆனால் அதே தீர்ப்பில் நீதிபதி டாம் கிளார்க் ஒன்றைத் தெளிவாக எழுதிவைத்தார். பைபிளை இலக்கியமாகவோ வரலாறாகவோ பாடமாக நடத்தலாம், மதங்களை ஒப்பிட்டுப் படிக்கலாம், அதற்கெல்லாம் தடையே இல்லை. செய்முறையைப் படிப்பது பாடம், ஊட்டிவிடுவதுதான் குற்றம். இந்தப் பத்தியைப் படிக்காத பள்ளி நிர்வாகிகள் பயந்துபோய் மதம் என்ற பேச்சையே பாடத்திலிருந்து கழுவித் துடைத்தார்கள். தீர்ப்பு கேட்காத வேலை அது.

பந்தியிலிருந்து எழ முடியுமா?

வேண்டாதவர்கள் விலகிக்கொள்ளலாமே, அதில் என்ன கஷ்டம் என்ற வாதம் மட்டும் சாகவில்லை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவருக்கு இதன் விடை தெரியும். சட்டப்படி யாரும் எந்த நேரமும் எழலாம். இலையில் பாதிச் சாப்பாடு இருக்கும்போது, இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து பாருங்கள்.

1989இல் ராட் ஐலண்ட் மாநிலம் பிராவிடன்ஸ் நகரில் ஒரு நடுநிலைப் பள்ளிப் பட்டமளிப்பு விழா. மூன்று வருடம் முன்பு வைஸ்மன் வீட்டு மூத்த பெண்ணின் விழாவில் ஒரு பாப்டிஸ்ட் போதகர் இயேசுவின் பெயரால் ஜெபித்தார். வைஸ்மன் குடும்பம் யூதர்கள். பெற்றோர் பள்ளியிடம் முறையிட்டார்கள். இளைய பெண்ணின் முறை வந்தபோது பள்ளி முதல்வர் யோசித்து, ஒரு யூத மதகுருவைக் கூப்பிட்டார். அதோடு விடவில்லை. பொதுவிழாக்களில் எல்லோருக்கும் ஏற்ற ஜெபம் எப்படி இருக்க வேண்டும் என்ற சிறு கையேட்டையும் மதகுருவிடம் கொடுத்தார். நல்ல மனிதர்தான். அவர்கள் வீட்டுச் சமையலே போட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்திருக்கிறார். குடும்பமோ, எங்கள் வீட்டுச் சமையலாக இருந்தாலும் பள்ளிக் கரண்டியால் வேண்டாம் என்றது. எனக்குத் தெரிந்து இந்த வரிசை வழக்குகளிலேயே கேள்வி இத்தனை சுத்தமாகத் திரண்டு வந்தது இங்கேதான். தங்கள் மதத்து ஜெபத்தையே எதிர்த்து ஒருவர் வழக்காடும்போது, பிரச்சினை ஜெபத்தில் இல்லை என்பது தெரிந்துபோகிறது.

1992இல் ஐந்துக்கு நாலு. நீதிபதி அந்தோனி கென்னடி எழுதினார். பட்டமளிப்புக்கு வருவது கட்டாயம் இல்லைதான், ஆனால் வாழ்க்கையில் ஒருமுறை வரும் விழாவை ஒரு பிள்ளை விட்டுவிட வேண்டும் என்று சொல்வது நியாயமா? வந்துவிட்டால், எல்லோரும் எழுந்து நிற்கும்போது தான் மட்டும் உட்கார்ந்திருக்க 14 வயதுக்குத் துணிவு வருமா? எழுந்து நின்றாலே ஜெபத்தில் சேர்ந்ததாக மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்களே? இந்த மறைமுக நெருக்கடியும் வற்புறுத்தல்தான் என்றார். நீதிபதி ஸ்காலியா மாற்றுத் தீர்ப்பில், நீதிமன்றம் மனோதத்துவம் பார்க்கக் கிளம்பிவிட்டது என்று எரிச்சலோடு எழுதினார். பெரியவர்களைப் பொறுத்தவரை ஸ்காலியா சொன்னது சரியாக இருக்கலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் இருந்தவர்கள் கென்னடி பக்கம்தான் நிற்பார்கள்.

அப்புறம் டெக்சாஸ். சான்டா ஃபே என்ற ஊரில் உயர்நிலைப் பள்ளிக் கால்பந்தாட்டம் திருவிழாவைப் போன்றது. ஆட்டம் தொடங்குமுன் ஒலிபெருக்கியில் ஜெபம். வழக்கு வந்ததும் பள்ளி நிர்வாகம் ஒரு உபாயம் செய்தது. ஜெபம் வேண்டுமா என்று மாணவர்களே வாக்களிக்கட்டும், யார் சொல்வது என்றும் அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். இப்போது கரண்டி மாணவர் கையில், பள்ளிக்கு என்ன சம்பந்தம்? 2000இல் ஆறுக்கு மூன்று என்று உச்ச நீதிமன்றம் சொன்னது: மைதானம் பள்ளியுடையது, மைக் பள்ளியுடையது, விழா பள்ளியுடையது, தேர்தல் விதியை எழுதியதும் பள்ளி. கரண்டியைப் பையனிடம் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதால் அது அவன் வீட்டுக் கரண்டி ஆகிவிடாது. வாக்கெடுப்பில் சிறுபான்மை ஒருபோதும் ஜெயிக்காது என்பதையும் சேர்த்துச் சொன்னது. வழக்குப் போட்டவர்கள் நாத்திகர்கள் இல்லை. ஒன்று மார்மன் குடும்பம், ஒன்று கத்தோலிக்கக் குடும்பம். அவர்கள் யார் என்று கண்டுபிடிக்க ஊரில் சிலர் அலைந்ததால், பெயரை வெளிக்கொணர முயன்றால் நடவடிக்கை வரும் என்று கீழ்நீதிமன்றம் எச்சரிக்க வேண்டியிருந்தது.

டப்பா சமாச்சாரம்

இதுவரை சொன்னதை மட்டும் படித்தால் நீதிமன்றங்கள் ஜெபத்துக்கு எதிரி போலத்தான் தோன்றும். டப்பாவின் பக்கம் வந்தால் கதை தலைகீழ்.

1969இல், வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை கட்டி வந்த மாணவர்கள் வழக்கில், பள்ளி வாசலில் நுழைந்ததும் மாணவரின் பேச்சுரிமை உதிர்ந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஜெபமும் பேச்சுதான். ஆகவே பாடத்தைக் கெடுக்காமல், பிறர் உரிமையில் தலையிடாமல் மாணவர் தாமாகச் செய்யும் ஜெபத்தைப் பள்ளி தடுக்க முடியாது. கட்டுரைப் போட்டியில் தன் சாமியைப் பற்றி எழுதலாம். எழுத்து நன்றாக இருக்கிறதா என்று பார்த்து ஆசிரியர் மதிப்பெண் போட வேண்டும், சாமியைப் பார்த்து அல்ல. பக்கத்துப் பிள்ளையிடம், என் டப்பாவில் ஒரு வாய் எடுத்துக்கொள் என்று சொல்லலாம். வேண்டாம் என்ற பிறகும் வாயில் திணித்தால் ஆசிரியர் வந்து விலக்குவார். பாடம் நடக்கும்போது தட்டைத் தட்டிக்கொண்டு சாப்பிட முடியாது, அவ்வளவுதான்.

ஒவ்வொரு செப்டம்பரிலும் ஒரு புதன்கிழமை, பள்ளி தொடங்குமுன், அமெரிக்கா முழுக்க மாணவர்கள் கொடிக்கம்பத்தைச் சுற்றி நின்று ஜெபிக்கிறார்கள். 1990இல் டெக்சாஸில் தொடங்கிய பழக்கம். முழுக்கச் சட்டபூர்வமானது, ஏனென்றால் அழைப்பது மாணவர்கள், ஆசிரியர்கள் அல்ல.

சங்கங்களின் கதை இன்னும் ருசியானது. ரீகன் காலத்தில் பள்ளி ஜெபத்தை மீட்க அரசமைப்பையே திருத்தப் பார்த்தார்கள். 1984 மார்ச்சில் செனட்டில் 56 பேர் ஆதரவு, 44 பேர் எதிர்ப்பு. மூன்றில் இரண்டு பங்குக்கு 67 வேண்டும், தோற்றது. அதே ஆண்டில் காங்கிரஸ் இன்னொரு சட்டம் போட்டது. பாடத்திட்டத்துக்குச் சம்பந்தமில்லாத ஏதாவது ஒரு மாணவர் சங்கத்துக்கு உயர்நிலைப் பள்ளி இடம் கொடுத்தால், மதம், அரசியல் என்று காரணம் காட்டி வேறு சங்கத்துக்கு இடம் மறுக்கக்கூடாது. நெப்ராஸ்காவில் ஒமாஹா நகரில் ஒரு பள்ளி, கிறிஸ்தவ மாணவர் சங்கத்துக்கு இடமில்லை என்றது. அந்தப் பள்ளியில் சதுரங்கச் சங்கம் இருந்தது, ஆழ்கடல் நீச்சல் சங்கம்கூட இருந்தது. கடலே இல்லாத மாநிலத்தில் அதற்கு இடம் உண்டு, பைபிளுக்கு இல்லையா என்று கேட்கத் தோன்றும். 1990இல் எட்டுக்கு ஒன்று என்று மாணவர்கள் ஜெயித்தார்கள். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் சமையற்கூடத்தை ஒரு கூட்டத்துக்குத் திறந்துவிட்டால் எல்லாக் கூட்டத்துக்கும் திற. ஆசிரியர் மேற்பார்வைக்கு வாசலில் நிற்கலாம், அடுப்பைத் தொடக்கூடாது.

இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் எதிர்பார்க்காத விருந்தாளிகளும் பிறகு வந்தார்கள். ஓரினச் சேர்க்கை மாணவர்களின் சங்கங்கள் அதே சட்டத்தைக் காட்டி இடம் கேட்டன. அவர்களுக்குக் கொடுக்க மனமில்லாமல், 1996இல் சால்ட் லேக் சிட்டியின் பள்ளி நிர்வாகம், பாடத்துக்குச் சம்பந்தமில்லாத எல்லாச் சங்கங்களையும் மூடிவிட்டது.

மௌனம் பற்றி ஒரு வார்த்தை. காலையில் ஒரு நிமிடம் மௌனமாக இருங்கள் என்று பள்ளி சொன்னால் அது வெறும் இலை போடுவது. அவரவர் டப்பாவிலிருந்து எதை வைத்துக்கொண்டாலும், எதையும் வைக்காவிட்டாலும் சரி. பல மாநிலங்களில் இது இருக்கிறது. ஆனால் அலபாமா சும்மா இருக்க முடியாமல், தியானத்துக்காக என்று இருந்த சட்டத்தை 1981இல் தியானம் அல்லது தன்னார்வ ஜெபத்துக்காக என்று மாற்றியது. ஜெபத்தைப் பள்ளிக்குத் திரும்பக் கொண்டுவரத்தான் என்று மசோதாவைக் கொண்டுவந்த செனட்டரே சாட்சி சொன்னார். 1985இல் அது ரத்தானது. இலையைப் போட்டதோடு நின்றிருந்தால் தப்பித்திருக்கும்.

சமையற்காரரும் சாப்பிட வேண்டாமா?

கடினமான கேள்வி இதுதான். கரண்டி பிடிப்பவருக்கும் பசி உண்டு, மதம் உண்டு. அவர் தன் டப்பாவை எப்போது, எங்கே திறக்கலாம்?

வாஷிங்டன் மாநிலம் பிரெமர்டன் ஊரில் ஜோசப் கென்னடி உயர்நிலைப் பள்ளிக் கால்பந்துப் பயிற்சியாளர். 2008 முதல், ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் நட்ட நடுவில், 50 கஜக் கோட்டில், மண்டியிட்டு ஜெபிப்பார். முதலில் தனியாக. பிறகு ஆட்டக்காரர்கள் சேர்ந்தார்கள். நாளடைவில் அது உரையும் ஜெபமுமாக வளர்ந்தது. 2015இல் நிர்வாகம் நிறுத்தச் சொன்னது. மாணவர்களோடு சேர்ந்து ஜெபிப்பதை நிறுத்திக்கொள்கிறேன், தனியாக ஜெபிக்க விடுங்கள் என்றார் அவர். அக்டோபரில் மூன்று ஆட்டங்களுக்குப் பிறகு மண்டியிட்டார், விடுப்பில் அனுப்பப்பட்டார்.

2022 ஜூன் 27 அன்று ஆறுக்கு மூன்று என்று அவர் ஜெயித்தார். நீதிபதி கோர்சச் பார்வையில் அது வேலை முடிந்தபின் ஒரு மனிதர் தன் டப்பாவைத் திறந்த அமைதியான நிமிடம். மற்றவர்கள் போன் பார்க்கவும் நண்பர்களோடு பேசவும் விடுகிற நேரத்தில் அவர் ஜெபித்தால் மட்டும் எப்படிக் குற்றம்? நீதிபதி சோட்டோமேயர் மாற்றுத் தீர்ப்பில் புகைப்படங்களையே ஒட்டிவைத்தார். நடுமைதானத்தில் பயிற்சியாளர், சுற்றி மண்டியிட்ட ஆட்டக்காரர்கள். சேராவிட்டால் ஆட இடம் கிடைக்காதோ என்று பயந்து தன் மகன் சேர்ந்துகொண்டான் என்று ஒரு தந்தை நிர்வாகத்திடம் சொல்லியிருந்ததும் பதிவில் இருக்கிறது. ஒரே சம்பவம்தான், இரு தரப்பும் வேறு வேறு சம்பவங்களைப் பற்றி எழுதியதுபோல் இருக்கும். கோர்சச் சொன்ன சட்டம் எனக்கு ஏற்புடையதே. அவர் விவரித்த மைதானம்தான் அந்தப் புகைப்படங்களோடு ஒட்டவில்லை. சமையற்காரர் ஒரு மூலையில் உட்கார்ந்து சாப்பிடுவது அவர் உரிமை. பந்தியின் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டால், நாளை யாருக்கு எவ்வளவு பரிமாறுவார் என்று பிள்ளைகள் கணக்குப் போடத்தான் செய்வார்கள்.

பிறகு, கென்னடி தரப்பின் வழக்கறிஞர் கட்டணமாக 17 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து நிர்வாகம் சமாதானம் செய்துகொண்டது. 2023 செப்டம்பரில் திரும்ப வந்து ஒரே ஒரு ஆட்டத்துக்குப் பயிற்சியாளராக இருந்துவிட்டு ராஜினாமா செய்தார். சட்டத்தில் அந்தத் தீர்ப்பு விட்டுப்போனது பெரிது. அரசு மதத்தை நிறுவுகிறதா என்று பார்க்க 1971 முதல் கையாண்டுவந்த லெமன் சோதனை என்ற அளவுகோலைக் கைவிட்டு, இனி வரலாற்றையும் மரபையும் பார்த்து முடிவு செய்யுங்கள் என்றது. ஆனால் பிராவிடன்ஸ், சான்டா ஃபே தீர்ப்புகளை ரத்து செய்யவில்லை. வற்புறுத்தல் கூடாது என்பது அப்படியே நிற்கிறது.

வரலாறும் மரபும் என்றால் உடனே ஒரு கேள்வி வரும். அமெரிக்க செனட்டே ஜெபத்தோடுதானே தொடங்குகிறது? ஆமாம், 1983இலும் 2014இலும் சட்டமன்ற, நகர்மன்ற ஜெபங்களை உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் வளர்ந்தவர்கள், எழுந்து போய்க் காபி குடித்துவிட்டு வரலாம் என்பது ஒரு காரணம். அந்தப் பந்தியும் அவ்வளவு விசாலமானதில்லை. 2007இல் செனட்டில் முதன்முறையாக இந்து ஜெபம் சொன்னபோது பார்வையாளர் மாடத்திலிருந்து கூச்சல் போட்டு இடைமறித்தவர்களைக் காவலர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள்.

இந்த வழக்குகளின் வாசனை நம் பக்கமும் வீசியிருக்கிறது. கொடிவணக்கம் செய்ய மறுத்த யெகோவாவின் சாட்சிகள் பிரிவுப் பிள்ளைகளை நீக்கக்கூடாது என்று 1943இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. 1985இல் கேரளத்தில் தேசியகீதத்துக்கு எழுந்து நின்றும் பாட மறுத்த அதே பிரிவுப் பிள்ளைகள் மூவர் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986இல் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்ன நீதிபதி சின்னப்ப ரெட்டி, அந்த அமெரிக்கத் தீர்ப்பையும் எடுத்துப் பேசினார். மரியாதையாக நின்றாயிற்று, அதற்குமேல் வாயைத் திறக்கவைக்க அரசுக்கு வேலையில்லை என்பதுதான் இரண்டு இடத்திலும் முடிவு.

இப்போது எல்லோரும் டெக்சாஸைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 2025இல் அங்கே வந்த சட்டம், ஜெபத்துக்கும் பைபிள் அல்லது வேறு மதநூல் வாசிப்புக்கும் தினமும் நேரம் ஒதுக்குவதா வேண்டாமா என்று ஒவ்வொரு பள்ளி வாரியமும் 2026 மார்ச் 1க்குள் வாக்கெடுக்கச் சொன்னது. பழைய தீர்ப்புகளை வரி வரியாகப் படித்தவர்கள் எழுதிய சட்டம் என்று பார்த்ததும் தெரிகிறது. ஒலிபெருக்கி கூடாது. பாடநேரத்தில் கை வைக்கக்கூடாது. பெற்றோர் கையெழுத்திட்ட படிவம் இல்லாத பிள்ளை கலந்துகொள்ள முடியாது. அந்தப் படிவத்திலேயே, இதை எதிர்த்து வழக்குப் போட மாட்டேன் என்றும் பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். கரண்டி எங்கள் கையில் இல்லை, தனி அறையில் தனிப் பந்தி போட்டிருக்கிறோம், விரும்பியவர்கள் போய்ச் சாப்பிடட்டும் என்பதுதான் மாநிலத்தின் வாதம். அறை பள்ளியுடையது, நேரம் பள்ளி ஒதுக்கியது, படிவம் பள்ளி அச்சடித்தது என்பது எதிர்த்தரப்பின் பதில். விரும்பாதவர் விலகலாம் என்ற ஏற்பாடு நியூ ஹைட் பார்க்கிலும் இருந்தது. அன்று அது காப்பாற்றவில்லை. இன்றைக்கு அமர்வில் இருப்பவர்கள் வேறு நீதிபதிகள். அதனால்தான் டெக்சாஸ் மறுபடி முயன்று பார்க்கிறது.